முதன்முறை வெளிநாடு செல்வோருக்குப் பணமும் கார்டும்: கரையோர ஊர்களுக்கான வழிகாட்டி

கீழக்கரை, ஏர்வாடி, பெரியபட்டினம், தேவிபட்டினம், தொண்டி எனக் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஊர்களில் வெளிநாட்டுப் பயணம் புதுமையானதன்று. சபுர், அதாவது பிழைப்புக்காக வெளிநாடு, போய் வந்தவர் இல்லாத தெருவைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆனாலும் முதன்முறையாகக் கிளம்புகிறவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள்: உம்ராவுக்குப் போகும் பெரியவர்கள், மகளின் பிரசவத்துக்குச் சிங்கப்பூர் செல்லும் தாய், வளைகுடாவில் மீன்பிடி வேலைக்குப் போகும் இளைஞர், கொழும்புக்குச் சரக்குப் பார்க்கச் செல்லும் வியாபாரி. விசாவையும் பயணச்சீட்டையும் ஏஜெண்டு பார்த்துக்கொள்கிறார். பணத்தைப் பற்றி மட்டும், “கார்டு இருக்கிறதே, அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்” என்று விட்டுவிடுகிறோம். அங்கே போய்ப் பார்த்துக்கொள்ள முடியாது என்பதுதான் உண்மை. வெளிநாட்டில் கார்டு ஓடவில்லை என்றால், காரணம் பெரும்பாலும் இங்கே, நம் வங்கிக் கிளையிலும் நம் கைபேசியிலும்தான் இருக்கும். அதைச் சரிசெய்ய அங்கிருந்து வழியும் குறைவு. ஆகவே பயணத் தேதிக்கு ஒரு மாதம் முன்பே இந்த வேலைகளைத் தொடங்கிவிட வேண்டும்.

முதல் வேலை: கைபேசி எண்

கார்டை எடுத்துப் பார்ப்பதற்கு முன்பு, உங்கள் வங்கிக் கணக்கில் பதிவாகியிருக்கும் கைபேசி எண் யாருடையது என்று பாருங்கள். நம் பக்கத்தில் பெரியவர்களின் கணக்குகளில், குறிப்பாகப் பெண்களின் கணக்குகளில், மகன் எண்ணோ மருமகன் எண்ணோ பதிவாகியிருப்பது சாதாரணம். ஊரில் இருக்கும்வரை அதனால் தொல்லை இல்லை. கொழும்பில் கடைக்காரருக்கு முன்னால் நிற்கும்போதுதான் தொல்லை தொடங்கும்: உங்களுக்கு வர வேண்டிய ஓடிபி என்ற ஒருமுறைக் கடவு எண், கீழக்கரையில் தொழுகைக்குப் போய்விட்ட மகனின் கைபேசிக்கு வரும், அவர் போனை வீட்டில் சார்ஜில் போட்டுவிட்டுப் போயிருப்பார், சில நிமிடங்களில் அந்த ஓடிபி காலாவதியாகிவிடும். பயணம் போகிறவர் கணக்கில் பயணம் போகிறவரின் எண்ணே இருக்க வேண்டும். பாஸ்புக்கையும் ஆதாரையும் எடுத்துக்கொண்டு கிளைக்குச் சென்று விண்ணப்பம் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள். எண்ணை மாற்றியவுடன் சில சேவைகளைச் சில நாட்களுக்குக் கட்டுப்படுத்தி வைக்கும் வழக்கம் வங்கிகளில் உண்டு என்பதால், இதைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போடக் கூடாது.

எண் உங்களுடையதாக ஆன பிறகு, அந்த சிம் வெளிநாட்டில் உயிரோடு இருக்க வேண்டும். நிறுவனத்திடம் சர்வதேச ரோமிங் வசதியை இங்கிருக்கும்போதே திறந்துகொள்ளுங்கள். திரும்பி வரும் நாள்வரை ரீசார்ஜ் செல்லுபடியாகும்படி பாருங்கள். வெளிநாட்டில் இருக்கும்போது வரும் குறுஞ்செய்திக்குப் பெரும்பாலும் கட்டணம் இல்லை; ஆனால் வரும் அழைப்பை எடுத்தால் கட்டணம் உண்டு, ரோமிங் டேட்டா தெரியாமல் ஓடினால் பெருந்தொகை போய்விடும். ஆகவே டேட்டா ரோமிங்கை அணைத்துவிட்டு, இந்திய சிம்மைக் குறுஞ்செய்திக்கு மட்டும் முதல் இடத்தில் வைத்துக்கொண்டு, அந்த நாட்டு சிம்மை இரண்டாவது இடத்தில் போட்டுக்கொள்வது நல்லது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வங்கிச் செயலிகளும் யுபிஐ செயலிகளும் ஒரு குறிப்பிட்ட கைபேசியோடும் சிம்மோடும் பிணைக்கப்பட்டவை. புதிய கைபேசியில் அவற்றைத் திறக்க, பதிவான சிம்மிலிருந்து ஒரு குறுஞ்செய்தி தானாகவே வங்கிக்குப் போக வேண்டும். ரோமிங்கில் அது பல சமயம் போகாது. எனவே துபாயில் விலை மலிவென்று புதுப் போன் வாங்கினாலும், பழைய போனை அழித்து யாருக்காவது கொடுத்துவிடாதீர்கள். ஊர் வந்து சேரும்வரை வங்கிச் செயலி அந்தப் பழைய போனிலேயே இருக்கட்டும்.

கார்டை வெளிநாட்டுக்குத் திறந்துவிடுதல்

ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியில் ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. அதன்படி புதிதாகவோ மாற்றியோ கொடுக்கப்படும் எந்த கார்டும், தொடக்கத்தில் இந்தியாவுக்குள் உள்ள ஏடிஎம்களிலும் கடை மிஷின்களிலும் மட்டுமே வேலை செய்யும். வெளிநாட்டுப் பயன்பாடு, இணையப் பயன்பாடு, தட்டிச் செலுத்தும் வசதி ஆகியவற்றை வாடிக்கையாளர்தான் கேட்டுத் திறக்க வேண்டும். இது தெரியாமல், கணக்கில் இரண்டு இலட்சம் இருந்தும் ஜித்தா விமான நிலையத்தில் கார்டு மறுக்கப்பட்டுத் திகைத்து நிற்பவர்கள் உண்டு.

வங்கிச் செயலியில் கார்டுப் பகுதிக்குள் போனால், உள்நாடு, வெளிநாடு என்று இரண்டு பிரிவுகளும், ஒவ்வொன்றிலும் ஏடிஎம், கடை, இணையம், தட்டிச் செலுத்துதல் என்று தனித்தனிச் சுவிட்சுகளும் இருக்கும். வெளிநாட்டுப் பிரிவில் ஏடிஎம்மையும் கடையையும் திறந்தால் போதும். இணையத்தை மூடியே வையுங்கள். இந்தியக் கடைகளில் கார்டு எண்ணைப் போட்டால் ஓடிபி கேட்கிறது. அதனால் கார்டு எண் வெளியே போனாலும் பயமில்லை என்று நினைத்துவிடுகிறோம். வெளிநாட்டு இணையக் கடைகள் பலவற்றில் ஓடிபி கேட்காமலேயே பணத்தை எடுத்துவிட முடியும். ஓட்டல் வரவேற்பில் கார்டை வாங்கிப் படியெடுக்கும் இடங்கள் இன்னும் இருக்கின்றன என்பதால், இந்த ஒரு சுவிட்சு பெரிய பாதுகாப்பு. அதே இடத்தில் ஒரு நாளைக்கு எவ்வளவு எடுக்கலாம் என்ற வரம்பையும் உங்கள் தேவைக்கேற்பக் குறைத்து வைத்துக்கொள்ளலாம். செயலி பயன்படுத்தாதவர்கள் கிளையில் எழுதிக் கொடுத்துத் திறக்கலாம்.

சுவிட்சு திறந்திருந்தாலும் கார்டு வகை பொருந்த வேண்டும். நம் ஊர்களில் பலரிடம் இருப்பது ரூபே கார்டு. அதில் உள்நாட்டுக்கு மட்டுமான வகையும் உண்டு, சர்வதேச வகையும் உண்டு. கார்டின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்: டிஸ்கவர், டைனர்ஸ் கிளப், பல்ஸ் என்ற சின்னங்கள் இருந்தால், அந்தச் சின்னங்களை ஏற்கும் வெளிநாட்டு இடங்களில் அது செல்லும். எதுவுமே இல்லையென்றால் அந்த கார்டை ஊரிலேயே வைத்துவிட்டு, விசா அல்லது மாஸ்டர்கார்டு சின்னம் உள்ள சர்வதேச டெபிட் கார்டு ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். கூட்டுறவு வங்கிக் கணக்கு மட்டும் வைத்திருப்பவர்கள், தங்கள் கார்டுக்கு வெளிநாட்டு வசதி உண்டா என்பதைக் கட்டாயம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கார்டு காலாவதியாகும் மாதம் பயணத்துக்கு நடுவே வருகிறதா என்பதையும், கார்டில் அச்சான பெயர் கடவுச்சீட்டுப் பெயரோடு ஓரளவாவது ஒத்துப்போகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். கடவுச்சீட்டில் தந்தை பெயர் முழுதாக விரிந்தும், கார்டில் வெறும் இனிஷியலாகவும் இருப்பதால், இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் ஓட்டல்காரர் கேள்வி கேட்பது வழக்கமான தொல்லை.

என் கருத்தில், முதல் பயணத்துக்குச் சரியான ஏற்பாடு இதுதான். சேமிப்பு முழுவதும் உள்ள கணக்கின் கார்டை எடுத்துப் போகாதீர்கள். வேறொரு வங்கியில் சிறு கணக்கு ஒன்றைத் தொடங்கி, பயணச் செலவுக்கு வேண்டியதை மட்டும் அதில் போட்டு, அந்தக் கார்டை எடுத்துச் செல்லுங்கள். குறைந்தால் செயலி வழியாகப் பெரிய கணக்கிலிருந்து மாற்றிக்கொள்ளலாம். இரண்டாவதாக, ஒரு கிரெடிட் கார்டோ பாரெக்ஸ் கார்டோ இருக்கட்டும். இரண்டும் ஒரே பர்சில் இருக்கக் கூடாது. உம்ரா போகிற ஆண்களுக்கு இஹ்ராம் துணியில் சட்டைப்பை கிடையாது என்பதால், ஜிப் வைத்த பையோடு கூடிய இடுப்புப் பெல்ட்டை வாங்கிக்கொள்வார்கள். அதில் ஒரு கார்டும் அன்றைய செலவுக்கான ரியாலும் போதும். மற்ற கார்டு அறையில் பெட்டிக்குள் பூட்டியிருக்கட்டும்.

பாரெக்ஸ் கார்டு என்பது ரூபாய் கட்டி, டாலரோ ரியாலோ ரிங்கிட்டோ முன்கூட்டியே ஏற்றிக்கொள்ளும் கார்டு. ஏற்றிய அன்றைய விலை நிலைத்துவிடுவதால், ரூபாய் சரிந்தாலும் பாதிப்பில்லை. ஆனால் ஏற்றாத நாணயத்தில் செலவு செய்தால் மாற்றுக் கட்டணம் பிடிப்பார்கள். டாலர் ஏற்றிய கார்டை மலேசியாவில் தேய்ப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை. சாதாரண டெபிட், கிரெடிட் கார்டுகளில் வெளிநாட்டுச் செலவுக்கு வங்கி ஒரு மாற்றுக் கூடுதல் தொகை வைக்கிறது, 3.5 சதவீதம் பல கார்டுகளில் காணப்படும் அளவு. அதன்மீது 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. அதாவது 10,000 ரூபாய்ச் செலவுக்கு 350 ரூபாயும் அதன் வரி 63 ரூபாயும் சேர்த்து 413 ரூபாய் கூடுதலாகப் போகும். கிரெடிட் கார்டில் ஏடிஎம்மிலிருந்து பணம் எடுக்கவே வேண்டாம்: கட்டணம் ஒரு பக்கம் இருக்க, எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கும்.

கையில் ரொக்கம்

கார்டு எவ்வளவு சரியாக இருந்தாலும், இறங்கிய முதல் நாளின் டாக்சி, சாப்பாடு, சிம் ஆகியவற்றுக்கு அந்த நாட்டுப் பணம் கையில் இருக்க வேண்டும். அதை ரிசர்வ் வங்கியின் உரிமம் பெற்ற பணமாற்று நிறுவனத்திலோ வங்கியிலோ வாங்குங்கள். கடவுச்சீட்டு, பயணச்சீட்டு, பான் எண் கேட்பார்கள். ரூபாயை ரொக்கமாகக் கட்டினால் 50,000 வரைதான் வாங்குவார்கள். அதற்கு மேல் என்றால் கணக்கிலிருந்து செலுத்த வேண்டும். பெரும்பாலான நாடுகளுக்கு ஒரு பயணத்தில் 3,000 அமெரிக்க டாலர் மதிப்புவரைதான் வெளிநாட்டு நோட்டாக எடுத்துச் செல்லலாம். மீதி கார்டில் இருக்க வேண்டும். இந்திய ரூபாய் நோட்டுகளை ஒருவர் 25,000 வரை வெளியே கொண்டுபோகலாம். விலை கேட்கும்போது, “ஒரு திர்ஹாம் எவ்வளவு?” என்று கேட்பதைவிட, “ஆயிரம் திர்ஹாமுக்கு வரியெல்லாம் சேர்த்து மொத்தம் எத்தனை ரூபாய் கட்ட வேண்டும்?” என்று இரண்டு மூன்று இடங்களில் கேட்பது நல்லது, சேவைக் கட்டணம் என்று கடைசியில் சேர்ப்பது அப்போதுதான் தெரியும். ரசீதை வாங்கிப் பத்திரமாக வையுங்கள். நம் நாட்டு விமான நிலையக் கவுண்டரில் விலை பெரும்பாலும் பாதகமாகவே இருக்கும்.

சபுராளிகள் விடுமுறையில் வரும்போது கையில் மிஞ்சிய திர்ஹாமையும் ரியாலையும் ஊரிலேயே ரூபாய்க்கு மாற்றிக்கொள்ளும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. ஊருக்கு வந்த வெளிநாட்டுவாழ் உறவினர் அன்பளிப்பாகக் கொடுத்தால் வாங்குவதைச் சட்டம் தடுப்பதில்லை. உரிமம் இல்லாதவரிடம் ரூபாய் கொடுத்து வாங்குவதைத்தான் அந்நியச் செலாவணிச் சட்டம் தடுக்கிறது. அதைவிடக் கவனமாக இருக்க வேண்டியது விமான நிலையத்தில். “இந்தக் கவரை மட்டும் அங்கே ஒருவர் வந்து வாங்கிக்கொள்வார்” என்று யார் சொன்னாலும், சொந்தக்காரரே ஆனாலும், மறுத்துவிடுங்கள். பிறர் பொருளைக் கூலிக்குக் கொண்டுபோகும் குருவிகளாகப் போய் வருகிறவர்களுக்கு அந்த ஆபத்து தெரிந்தே இருக்கிறது; முதன்முறை போகிற பெரியவருக்குத் தெரியாது. உள்ளே இருப்பது டாலராக இருந்தாலும் தங்கமாக இருந்தாலும், சுங்கத்துறைக்குக் கையில் வைத்திருப்பவர்தான் பொறுப்பு.

வளைகுடா நாணயங்களைப் பற்றி ஒரு வசதியைச் சொல்கிறேன். அவற்றில் பலவற்றின் மதிப்பு அமெரிக்க டாலரோடு நிலையாகக் கட்டப்பட்டிருக்கிறது. 100 டாலருக்கு ஐக்கிய அரபு அமீரகத்தில் 367 திர்ஹாமும் சில்லறையும், சவூதியில் 375 ரியால், கத்தாரில் 364 ரியால், பஹ்ரைனில் 37.6 தினார், ஓமானில் ஏறத்தாழ 38.45 ரியால். இந்த எண்களைத் துண்டுச் சீட்டில் எழுதி வைத்துக்கொண்டால், எந்தக் கவுண்டர் எவ்வளவு பிடிக்கிறது என்பதைக் கேட்காமலேயே கணக்கிட்டுவிடலாம்: 100 டாலருக்கு 350 திர்ஹாம் என்றால், 17 திர்ஹாம் அவர்கள் பைக்குப் போகிறது. குவைத், பஹ்ரைன், ஓமான் நாணயங்கள் நூறாக அல்லாமல் ஆயிரமாகப் பிரிகின்றன. ரசீதில் 2.500 என்றிருந்தால் அது இரண்டரை தினார். இரண்டாயிரத்து ஐந்நூறு என்று பதறவும் வேண்டாம், புள்ளிக்குப் பின் மூன்று எண்கள் இருப்பதைக் கவனிக்காமல் 25 தினார் கொடுத்துவிடவும் வேண்டாம். புருணை போகிறவர்கள் சிங்கப்பூர் வெள்ளியை (சிங்கப்பூர் டாலரை) எடுத்துச் செல்லலாம். 1967 முதல் இரு நாட்டு நாணயங்களும் ஒன்றுக்கொன்று சம மதிப்பில் மாறுகின்றன.

கொழும்புக்குப் போகிறவர்கள் டாலர் எடுத்துச் சென்று, விமான நிலைய வருகைக் கூடத்தில் வரிசையாக இருக்கும் வங்கிக் கவுண்டர்களில் தேவைக்கு மட்டும் மாற்றிக்கொள்ளலாம். மீதியைத் திருப்பி மாற்ற அந்த ரசீது உதவும். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலில் போகிறவர்களும் டாலரைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது. கோலாலம்பூரின் மஸ்ஜித் இந்தியாவிலும் சிங்கப்பூரின் சிராங்கூன் சாலைப் பகுதியிலும் இந்திய ரூபாயை நேரடியாக மாற்றித் தரும் கடைகள் உண்டு.

அங்கே மிஷின் கேட்கும் கேள்வி

வெளிநாட்டு ஏடிஎம்மில் கார்டைச் செருகி, மொழியைத் தேர்ந்து, பின் எண்ணும் தொகையும் கொடுத்த பிறகு, நம் நாட்டு மிஷின்களில் வராத ஒரு திரை வரும். “500 திர்ஹாமுக்கு உங்கள் கணக்கில் இத்தனை இந்திய ரூபாய் பிடிக்கப்படும்” என்று ரூபாயிலேயே பெரிய எழுத்தில் காட்டி, ஏற்பதற்கு ஒரு பொத்தானும் மறுப்பதற்கு ஒரு பொத்தானும் வைத்திருக்கும். ரூபாயைக் கண்டதும் மனம் இளகும். நமக்குப் புரிந்த பணமாயிற்றே என்று ஏற்கும் பொத்தானை அழுத்திவிடுவோம். மறுத்தால் பணமே வராது என்ற பயமும் இருக்கும். அந்தப் பயம் தேவையில்லை. மறுத்தாலும் மிஷின் அந்த நாட்டு நாணயத்திலேயே கணக்கிட்டுப் பணத்தைத் தரும்.

கணக்குக்காக ஒரு திர்ஹாம் 24 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 500 திர்ஹாம் 12,000 ரூபாய். உங்கள் வங்கி 3.5 சதவீதமும் அதன் வரியும் பிடித்தால் ஏறத்தாழ 12,496 ஆகும். மிஷின் தன் சொந்த விலையில் 12,900 என்று காட்டியிருக்கும். ஏற்றால் 400 ரூபாய்க்கு மேல் நட்டம். அதோடு, ரூபாயில் பிடிக்கப்பட்ட வெளிநாட்டுச் செலவுக்கும் தனிக் கட்டணம் வைத்திருக்கும் வங்கிகள் இருப்பதால், நட்டம் அதற்கும் மேலே போகலாம். கடைகளிலும் இதே கதைதான். கடைக்காரர் மிஷினை உங்கள் பக்கம் திருப்பாமல் தானே ரூபாயைத் தேர்ந்துவிடுவதும் உண்டு. “திர்ஹாமிலேயே போடுங்கள்”, “வெள்ளியிலேயே போடுங்கள்” என்று கார்டைக் கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும். ரசீதில் ரூபாய் தெரிந்தால், கையெழுத்திடுவதற்கு முன்பே ரத்துசெய்து மறுபடி போடச் சொல்வதில் கூச்சம் வேண்டாம்.

ஏடிஎம்மில் ஒவ்வொரு முறையும் உங்கள் வங்கி ஒரு கட்டணம் பிடிக்கும், மிஷினின் சொந்தக்கார வங்கியும் சில நாடுகளில் தனியாகப் பிடிக்கும். ஆகவே நூறு நூறாகப் பலமுறை எடுக்காமல், சில நாட்களுக்கு வேண்டியதை ஒரே தடவையில் எடுப்பது மேல். சாலையோர மிஷினைவிட வங்கிக் கிளைக்குள் இருக்கும் மிஷினே நல்லது. கார்டு சிக்கிக்கொண்டால் உள்ளே போய்க் கேட்க ஆள் இருப்பார். பணம் வராமல் கணக்கில் மட்டும் பிடித்துவிட்டால், அந்தச் சீட்டை அல்லது திரையைப் படம்பிடித்து, மிஷின் இருக்கும் இடம், நேரம் இவற்றோடு உங்கள் வங்கிக்கு அன்றே புகார் கொடுங்கள். மிஷினின் சொந்தக்கார வங்கியோடு வாதாடிப் பயனில்லை.

ஓட்டலில் நுழைந்ததும் முன்பணம் என்று ஒரு தொகையைக் கார்டில் நிறுத்திவைப்பார்கள். அது செலவு இல்லை. ஆனால் டெபிட் கார்டாக இருந்தால் அந்தப் பணம் அறையைக் காலிசெய்து பல நாட்கள் ஆகும்வரை உங்கள் கைக்கு வராது. இதற்குக் கிரெடிட் கார்டைக் கொடுங்கள். சிங்கப்பூர்ப் பேருந்தில் ரொக்கம் கொடுத்தால் மீதிச் சில்லறை தர மாட்டார்கள் என்பதையும், அங்கே பேருந்திலும் ரயிலிலும் தட்டிச் செலுத்தும் வங்கி கார்டையே பயன்படுத்தலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். துபாய் மெட்ரோவுக்கு நோல் என்ற பயண கார்டு வாங்க வேண்டும்.

யுபிஐ இப்போது சில நாடுகளில் இருக்கிறது. பூட்டானில் 2021இலும், இலங்கையிலும் மொரீசியசிலும் 2024 பிப்ரவரி 12ஆம் தேதியும் தொடங்கப்பட்டது. நேபாளம், சிங்கப்பூர், அமீரகம் ஆகிய நாடுகளிலும் குறிப்பிட்ட கடைகளில் செல்லும். செயலிக்குள் சர்வதேச யுபிஐ என்ற வசதியை நீங்களே திறக்க வேண்டும். பட்டியலில் நாடு இருப்பதால் எல்லாக் கடையிலும் செல்லும் என்று பொருளில்லை. கையில் வேறு வழி இருக்கும்போது கிடைத்தால் பயன்படுத்தலாம், இதை மட்டும் நம்பிக் கிளம்பக் கூடாது.

வேலைக்குப் போகிறவர்களுக்கு

வேலை விசாவில் போகிறவர்கள் முதல் சம்பளம் வரும்வரை தாக்குப்பிடிக்கும் பணத்தை எடுத்துச் செல்ல வேண்டும். அங்கே சம்பளக் கார்டு கொடுத்தால் அதையும் அதன் பின் எண்ணையும் நீங்களே வைத்திருங்கள். தொழிலாளர் தங்கும் கேம்பின் மேற்பார்வையாளரோ படகு முதலாளியோ “பத்திரமாக என்னிடம் இருக்கட்டும்” என்று கேட்டால் கொடுக்கக் கூடாது. அமீரகத்தில் 2009 முதல் சம்பளத்தை வங்கி வழியாகக் கொடுக்கச் செய்யும் ஏற்பாடு இருப்பதே, தொழிலாளியின் பணம் தொழிலாளியின் கைக்கே வர வேண்டும் என்பதற்காகத்தான்.

வேலைக்காக வெளிநாடு போனவரின் சாதாரண சேமிப்புக் கணக்கை, சட்டப்படி என்ஆர்ஓ கணக்காக (வெளிநாட்டில் வாழ்பவரின் இந்திய வருமானத்துக்கான கணக்கு) மாற்ற வேண்டும். அங்கிருந்து அனுப்பும் சம்பாத்தியத்துக்கென்றே உள்ள என்ஆர்இ கணக்கைத் தொடங்கினால், அதன் வட்டிக்கு இங்கே வருமான வரி இல்லை, பணத்தைத் திரும்ப வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்லவும் தடையில்லை. போகும்போது ஏடிஎம் கார்டையும் பின் எண்ணையும் மனைவியிடம் கொடுத்துவிட்டுப் போவதுதான் ஊர் வழக்கம். அப்போது ஓடிபிக்காக சிம்மையும் வீட்டில் விட வேண்டிவரும், அங்கே கையில் எதுவும் இருக்காது. குடும்பச் செலவுக்கு மனைவி பெயரில், மனைவி எண்ணில், தனிக் கணக்கு ஒன்றைத் தொடங்கி அதற்கு மாதாமாதம் அனுப்புவது இந்தச் சிக்கலை ஒரேயடியாகத் தீர்க்கும். வங்கிக்கு வெளியே ஆள் மூலம் பணம் அனுப்பும் உண்டியலில் அனுப்பினால் விலை கொஞ்சம் கூடக் கிடைக்கும், வீட்டு வாசலுக்கே பணம் வரும் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் அது சட்டவிரோதம். பணம் வராவிட்டால் கேட்க இடமில்லை. நாளை வீடு கட்டும்போது இந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று காட்ட எழுத்தில் எந்த ஆதாரமும் இருக்காது.

கார்டு தொலைந்தால்

கார்டின் பின்னால் அச்சிட்டிருக்கும் 1800 என்று தொடங்கும் இலவச எண், வெளிநாட்டிலிருந்து அழைத்தால் பெரும்பாலும் இணைப்புக் கிடைக்காது. வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கென்று +91 உடன் தொடங்கும் வேறு எண் வங்கிக்கு உண்டு. அதையும், கார்டின் கடைசி நான்கு எண்களையும் ஒரு தாளில் எழுதிப் பெட்டியில் ஒரு படியும் வீட்டில் ஒரு படியும் வையுங்கள். போனும் பர்சும் சேர்ந்தே தொலைந்தால் அந்தத் தாள்தான் துணை.

கார்டு காணவில்லை என்று தெரிந்தவுடன், முதலில் செயலியில் கார்டை முடக்குங்கள்; தேடிக் கிடைத்தால் மீண்டும் திறந்துகொள்ளலாம் என்பதால் தயங்க வேண்டியதில்லை. செயலி இல்லையென்றால் அந்த +91 எண்ணுக்கு அழையுங்கள். போனும் போய்விட்டால், வீட்டாரை அழைத்து சிம்மையும் முடக்கச் சொல்லுங்கள். சிம் திருடனிடம் இருக்கும்வரை ஓடிபியும் அவனுக்கே போகும். பிறகு உள்ளூர்க் காவல் நிலையத்தில் புகார் பதிந்து ஒரு படி வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் நடந்த மோசடி என்றால், வங்கியின் அறிவிப்பு வந்து மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தவருக்கு நட்டம் எதுவும் இல்லை என்பது 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வகுத்த விதி. நாள் தள்ளத் தள்ளப் பொறுப்பு நம் தலையில் ஏறும். பின் எண்ணையோ ஓடிபியையோ நாமே யாரிடமாவது சொல்லியிருந்தால், தெரிவிப்பதற்கு முன் போன பணத்துக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை.

அவசரத்துக்கு ஊரிலிருந்து பணம் வாங்குவது நினைப்பதுபோல் எளிதன்று. வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பினால் ஒரு மணி நேரத்தில் கிடைக்கும் என்ற பலகைகளை நம் கடைத்தெருக்களில் பார்த்திருப்பீர்கள். அந்த ஏற்பாடு வெளியிலிருந்து உள்ளே வரும் பணத்துக்கு மட்டுமே. இங்கிருந்து அதே வழியில் வெளியே அனுப்ப முடியாது. பாரெக்ஸ் கார்டு இருந்தால், அதைக் கொடுத்த நிறுவனத்தில் வீட்டார் எப்படிப் பணம் ஏற்றலாம் என்பதைப் புறப்படும் முன்பே கேட்டு வையுங்கள். அங்கே உறவினர் இருந்தால் அவருடைய கணக்குக்கு வங்கி மூலம் அனுப்பலாம், அதற்குச் சில நாட்கள் ஆகும். சிங்கப்பூரில் மட்டும் வழி எளிது: 2023 பிப்ரவரி 21 முதல் யுபிஐயும் அந்நாட்டில் பணம் அனுப்பப் பயன்படும் பேநவ் முறையும் இணைக்கப்பட்டுள்ளன, இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, பாரத ஸ்டேட் வங்கி ஆகியவற்றின் வாடிக்கையாளர்கள் அங்குள்ள உறவினரின் கைபேசி எண்ணுக்கே அனுப்பலாம். எல்லாமே கைவிட்ட நிலையில், இந்தியத் தூதரகத்தை அணுகத் தயங்காதீர்கள். இக்கட்டில் சிக்கிய இந்தியருக்கென்றே அங்கே சமூக நல நிதி ஒன்று உள்ளது.

ஊர் திரும்பிய பின்

திரும்பி வரும்போது கையில் 5,000 டாலர் மதிப்புக்கு மேல் வெளிநாட்டு நோட்டு இருந்தாலோ, நோட்டும் மற்றவையும் சேர்த்து 10,000 டாலரைத் தாண்டினாலோ, விமான நிலையத்தில் சுங்கத்துறையிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். மிஞ்சிய பணத்தை 180 நாட்களுக்குள் மாற்றிவிட வேண்டும். அடுத்த பயணத்துக்கென்று 2,000 டாலர் மதிப்புவரை வைத்துக்கொள்ளலாம். நாணயக் காசுகளுக்கு வரம்பில்லை, ஆனால் அவற்றை இங்கே எந்தக் கவுண்டரும் வாங்காது; அங்கேயே விமான நிலையத்தில் தண்ணீருக்கோ தேநீருக்கோ கொடுத்துத் தீர்த்துவிடலாம். வீடு வந்த அன்றே வெளிநாட்டுச் சுவிட்சுகளை அணைத்துவிடுங்கள். சில கடைகளின் கணக்கு தாமதமாகவே வந்து சேரும் என்பதால், அடுத்த இரண்டு மூன்று மாதக் கணக்குப் பட்டியலை ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஓட்டல் நிறுத்திவைத்த முன்பணத்தை விடுவிக்காமல் பிடித்தே விட்டால், வங்கியில் புகார் கொடுக்க அறையைக் காலிசெய்தபோது வாங்கிய இறுதி ரசீது வேண்டும். அதுவரை அதைத் தூக்கிப் போட வேண்டாம்.